மேலுலகத்தில் ஒரு கணக்குப் பிழை

1945 மே 2, இரவு. ஐரோப்பாவில் போர் முடிய ஒரு வாரம்கூட இல்லை. ஒரு லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் எரிந்துகொண்டே ஆங்கிலக் கால்வாயின் பனிமூட்டத்துக்குள் வருகிறது. கூட இருந்தவர்களையெல்லாம் பாராசூட்டில் குதிக்கச் சொல்லி அனுப்பிவிட்டான் விமானி. ரேடியோக்காரன் பாப் மட்டும் பின்னால் கண் திறந்தபடியே செத்துக் கிடக்கிறான். விமானியின் பாராசூட் கிழிந்து நாசமாகிவிட்டது, அதை அவன் மற்றவர்களிடம் சொல்லவில்லை. குதித்தாலும் சாவு, குதிக்காவிட்டாலும் சாவு. சரி, யாரிடமாவது பேசிவிட்டுப் போவோம் என்று ரேடியோவைத் திருகுகிறான். மறுமுனையில் இங்கிலாந்தின் ஏதோ ஒரு விமானத்தளத்தில் இரவு வேலை பார்க்கும் ஓர் அமெரிக்கப் பெண்.

1946இல் வந்த 'எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்' இப்படித்தான் தொடங்குகிறது. மைக்கேல் பவல், எமெரிக் பிரஸ்பர்கர் இருவரும் சேர்ந்து எழுதி, தயாரித்து, இயக்கிய படம். விமானி பீட்டராக டேவிட் நிவன், அந்தப் பெண் ஜூனாகக் கிம் ஹன்டர். இந்த முதல் காட்சியை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று எண்ணவில்லை. ஆனால் நாலைந்து தடவைக்குப் பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. சாகப்போகிறவன் என்ன சொல்கிறான் என்று கவனியுங்கள். அவள் விமானம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். இவன் அதைச் சொல்லாமல், வயது 27, கல்வி பாதியில் முரட்டுத்தனமாக நின்றுபோனது, மதம் இங்கிலாந்துத் திருச்சபை, அரசியல் என்றால் சுபாவத்தில் கன்சர்வேட்டிவ், அனுபவத்தில் லேபர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறான். ஒரு விண்ணப்பப் படிவத்தை வாயாலேயே நிரப்புகிற மாதிரி. நடுநடுவே வால்டர் ராலே, ஆண்ட்ரூ மார்வெல் கவிதை வரிகள் வேறு. அப்புறம்தான் படிவத்தில் இடம் இல்லாத கேள்வி வருகிறது: நீ அழகாக இருப்பாயா? மோசமில்லை என்கிறாள் அவள், அழுகையை அடக்கிக்கொண்டு. உன்னைக் காதலிக்கிறேன், நீதான் உயிர், நான் உன்னை விட்டுப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் குதிக்கிறான்.

காலையில் கடற்கரையில் கண் விழிக்கிறான். உயிரோடு.

ஏன் பிழைத்தான்? மேலுலகத்திலிருந்து அவனைக் கூட்டிக்கொண்டு போக வந்த ஆள் பனிமூட்டத்தில் அவனைத் தவறவிட்டுவிட்டான். அவ்வளவுதான். வந்தவன் பிரெஞ்சுப் புரட்சியில் தலை போன ஒரு பிரபு, பெயர்கூடப் படத்தில் முக்கியமில்லை, 'கண்டக்டர் 71' என்ற எண்தான். மேலே கணக்குப் பார்க்கிறார்கள், ஒரு ஆள் குறைகிறது. மணி அடிக்கிறது. போய்க் கூட்டிக்கொண்டு வா என்று கண்டக்டரைத் திருப்பி அனுப்புகிறார்கள். ஆனால் அதற்குள் கிட்டத்தட்ட ஒரு நாள் ஓடிவிட்டது, பீட்டரும் ஜூனும் நேரில் சந்தித்துவிட்டார்கள். இப்போது பீட்டர் சொல்லும் வாதம்தான் படத்தின் உயிர்நாடி. தப்பு உங்களுடையது. நீங்கள் ஒழுங்காக வேலை பார்த்திருந்தால் நேற்றே வந்திருப்பேன், யாருக்கும் நஷ்டமில்லை. உங்கள் தப்பால் கிடைத்த நேரத்தில் எனக்கு ஒரு உறவு வந்துவிட்டது, பொறுப்பு வந்துவிட்டது, நேற்று இருந்த ஆள் இன்று நான் இல்லை. ஆகவே நான் அப்பீல் செய்கிறேன்.

சான்றிதழில் ஒரு எழுத்து பிழையாக விழுந்துவிட்டதற்காக ஆறு மாதம் கவுன்ட்டர் கவுன்ட்டராக அலைந்தவர்களுக்கு இந்த வாதத்தின் ருசி உடனே தெரியும். எழுதினவர் தப்பு, அலைவது நாம். பீட்டர் அதை மரணத்திடமே கேட்டுவிடுகிறான்.

இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'மரணத்தை வென்ற காதல்' என்று முடித்துவிடுகிறார்கள். கதை அங்கேதான் போய்ச் சேர்கிறது, மறுக்கவில்லை. ஆனால் என்னை ஆட்டிவைப்பது வேறொன்று. இந்த மேலுலகத்தில் கடவுள் கண்ணில் படுவதே இல்லை. ரெக்கார்டர் இருக்கிறார், பதிவேடு இருக்கிறது, வரவேற்பு மேசை இருக்கிறது. செல்லோபேன் தாளில் சுற்றிய இறக்கைகளை வரிசையில் வருகிறவர்களுக்குக் கொடுக்கிறார்கள், சீருடைக் கிடங்கில் சட்டை கொடுப்பது போல. அமெரிக்க விமானிகள் கூட்டமாக வந்து இறங்குகிறார்கள், அவர்களுக்கு ஒரு கோக் மெஷின்கூட வைத்திருக்கிறார்கள். அதிகாரிகளுக்குத் தனி இடம் எங்கே என்று ஒருவன் கேட்க, இங்கே எல்லாரும் சமம்தான் என்று மேசையில் இருக்கும் பெண் சொல்கிறாள். நம்மூர் சாவித்திரி எமனோடு நேருக்கு நேர் பேசி, வரத்தில் மடக்கி, புருஷனை மீட்டாள். இங்கே மடக்குவதற்கு எமன் என்று ஒரு ஆள் இல்லை. சித்திரகுப்தனின் கணக்குப்பிள்ளைகள் மட்டும்தான். முகமில்லாத நடைமுறையோடு எப்படி வாதாடுவது?

இது யாருடைய பயம் என்று கேட்டால், எனக்கு பிரஸ்பர்கரின் முகம்தான் தெரிகிறது. 1902இல் ஹங்கேரியின் மிஷ்கோல்ட்ஸில் பிறந்த யூதர். அவர் பள்ளி படித்த நகரம் முதல் உலகப்போருக்குப் பிறகு ருமேனியாவுக்குப் போய்விட்டது. பெர்லினில் ஊஃபா ஸ்டுடியோவில் திரைக்கதை எழுதி நன்றாக வாழ்ந்துகொண்டிருந்தவரை 1933இல் வந்த நாஜி ஆட்சி துரத்தியது. பாரிஸ், பிறகு 1935இல் லண்டன், கையில் நாடற்றவருக்கான காகிதத்தோடு. ஹங்கேரி ஜெர்மனியோடு சேர்ந்தபின் அவர் பிரிட்டனில் 'எதிரி நாட்டவர்' ஆனார். பிரிட்டிஷ் அரசே விரும்பிய போர்க்காலப் படங்களை எழுதிக்கொண்டிருந்த மனிதர் போலீசில் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது, இரவில் வெளியே போகக் கட்டுப்பாடு. அவருடைய அம்மா நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் இறந்தார். எந்த முத்திரை எந்தக் காகிதத்தில் விழுந்தது என்பதை வைத்து ஒரு ஆள் இருப்பதா போவதா என்று தீர்மானமாவதைப் பார்த்தவர் அவர். பிரிட்டிஷ் குடியுரிமை அவருக்குக் கிடைத்தது 1946இல், படம் வெளிவந்த அதே வருடம். ஒரு ஆளுக்கு இங்கே தங்க அனுமதி உண்டா இல்லையா என்று ஒரு நீதிமன்றம் விசாரிக்கும் கதையை அவர் எழுதியது தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அவர் மட்டுமல்ல. அரங்கங்களை வடிவமைத்த ஆல்ஃபிரட் யுங்கே ஜெர்மானியர். இசை ஆலன் கிரே, பெர்லினிலிருந்து தப்பி வந்தவர். ஆடை வடிவமைத்த ஹைன் ஹெக்ரோத் நாஜிகளிடமிருந்து ஓடிவந்தும் பிரிட்டனால் பிடித்து அடைக்கப்பட்டு, கப்பலேற்றி ஆஸ்திரேலிய முகாமுக்கு அனுப்பப்பட்டுத் திரும்பியவர். இப்படியொரு கூட்டம் சேர்ந்து எடுத்த படத்தில்தான் இங்கிலாந்தின் கிராமமும் ரோடோடென்ட்ரான் பூக்களும் அவ்வளவு ஆசையோடு படமாகியிருக்கின்றன.

ஆனால் படத்துக்கு விதை போட்டது அரசு. போர்க்காலத் தகவல் அமைச்சகத்தின் திரைப்படப் பிரிவுத் தலைவர் ஜாக் பெடிங்டன் இருவரையும் கூப்பிட்டு, பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் உறவு கசந்து வருகிறது, அதைச் சரிசெய்ய ஒரு படம் எடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். நார்மண்டி படையெடுப்புக்கு முன் சுமார் 15 லட்சம் அமெரிக்கப் படையினர் அந்தச் சின்னத் தீவில் வந்து குவிந்திருந்தார்கள். சம்பளமும் ஜாஸ்தி, ஆசையும் ஜாஸ்தி, அதுவும் எங்கள் ஊரிலேயே என்கிற மாதிரி ஒரு கேலி அப்போது உள்ளூர் வாய்களில் புழங்கியது. பிரிட்டிஷ் விமானியும் அமெரிக்கப் பெண்ணும் என்று காதல் ஜோடி அமைந்ததற்குக் காரணம் இதுதான். பிரசாரத்துக்கு ஆர்டர் கொடுத்தார்கள், வந்து சேர்ந்தது இப்படி ஒன்று.

வண்ண விஷயத்துக்கு வருகிறேன், இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வேறு யாராக இருந்தாலும் மேலுலகத்தை வண்ணத்திலும் பூமியைக் கறுப்பு வெள்ளையிலும் எடுத்திருப்பார்கள். இவர்கள் திருப்பிப் போட்டார்கள். பூமி டெக்னிகலர், மேலே கறுப்பு வெள்ளை. டெக்னிகலர் கேமராவும் ஃபிலிமும் போரில் ராணுவத் தேவைக்குப் போய்விட்டதால் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள், அந்த இடைவெளியில் முழுசாக இன்னொரு கறுப்பு வெள்ளைப் படமே எடுத்து முடித்தார்கள். கடைசியில் 1945 ஆகஸ்டில், ஜப்பான் சரணடைந்த அதே நாட்களை ஒட்டி, படப்பிடிப்பு தொடங்கியது. அத்தனை வருடப் பஞ்சத்துக்குப் பின் வண்ணம் கிடைத்ததும் அதை எங்கே செலவழிப்பது என்று யோசித்து, சாதாரண வாழ்க்கையின் மேல் செலவழித்தார்கள். ஜூனின் உதட்டுச் சாயம், புல், பீட்டருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரின் நூலகத்தில் விழும் மஞ்சள் வெளிச்சம். கண்டக்டர் 71 முதல்முறை பூமிக்கு வரும்போது கோட்டில் குத்திய ரோஜா சாம்பல் நிறத்திலிருந்து மெல்ல இளஞ்சிவப்பாக ஊறுகிறது. மேலே டெக்னிகலருக்கு ஏங்கிப் போய்க் கிடக்கிறோம் என்று சொல்லிப் பெருமூச்சு விடுகிறான். சாதாரணமாகப் பார்த்தால் சிரிப்பு வசனம். ஆறு வருடம் இருட்டடிப்பிலும் ரேஷனிலும் இருந்த கூட்டம் அதைத் தியேட்டரில் கேட்டபோது வெறும் சிரிப்பாக மட்டும் இருந்திருக்காது.

ஒளிப்பதிவு ஜாக் கார்டிஃப். ஒரு முழுப் படத்துக்குத் தலைமை ஒளிப்பதிவாளராக அவருக்குக் கிடைத்த முதல் பெரிய வாய்ப்பு இது. பீட்டர் கரையொதுங்கும் காட்சியை டெவனில் சான்டன் மணற்கரையில் எடுத்தார்கள். காட்சி மூடுபனியிலிருந்து விலகித் தெளிய வேண்டும் என்று பவல் விரும்ப, கார்டிஃப் கேமராவுக்கு முன்னால் போய் லென்ஸில் வாயால் ஊதியிருக்கிறார். மூச்சின் ஆவி படிந்து, சில வினாடிகளில் தானாக ஆறி விலகுகிறது. மறுபிறப்பு மாதிரி தெரியும் அந்தக் காட்சி ஒரு மனிதரின் மூச்சு. இன்னொரு இடத்தில் அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது கேமரா பீட்டரின் கண்ணுக்குள்ளேயே போய்விடுகிறது. நாம் உள்ளிருந்து பார்க்க, ராட்சத இமை மேலிருந்து இறங்கி, இமைமயிரோடு திரையை மூடுகிறது. கணினி இல்லாத காலத்தில், கையால் செய்த இமை.

பிறகு அந்தப் படிக்கட்டு. பூமிக்கும் மேலுலகத்துக்கும் நடுவே தானாக நகர்ந்துகொண்டே இருக்கும் பிரம்மாண்டப் படிக்கட்டு, இரண்டு பக்கமும் பிளேட்டோ, லிங்கன் என்று பெரியவர்களின் சிலைகள். லண்டன் போக்குவரத்து வாரியத்தின் பொறியாளர்கள் நிஜமாகவே கட்டிக் கொடுத்த எஸ்கலேட்டர் அது: 106 படிகள், ஒவ்வொன்றும் 20 அடி அகலம், செல்லப் பெயர் 'எத்தல்'. ஓடும்போது போட்ட சத்தத்தில் நடிகர்கள் பேசியது எதுவும் பதிவாகாமல், வசனங்களைப் பிறகு டப் செய்தார்கள். படிக்கட்டுதான் அமெரிக்காவில் படத்தின் பெயரையே மாற்றியது. போர் முடிந்த கையோடு தலைப்பில் 'சாவு' என்ற சொல்லா என்று விநியோகஸ்தர்கள் பயந்து, சொர்க்கத்துக்கான படிக்கட்டு என்று பெயர் வைத்து வெளியிட்டார்கள். படத்தை எடுத்தவர்கள் சொர்க்கம் என்று அடித்துச் சொல்வதைக் கவனமாகத் தவிர்த்தவர்கள். தொடக்கத்திலேயே எழுத்தில் போட்டுவிடுகிறார்கள்: இது இரண்டு உலகங்களின் கதை, ஒன்று நாம் அறிந்தது, மற்றது போர் கலைத்துப் போட்ட ஒரு இளம் விமானியின் மனதில் மட்டும் இருப்பது.

இந்த 'மனதில் மட்டும்' என்பதை அவர்கள் ஒப்புக்குச் சொல்லவில்லை. கண்டக்டர் வரும் ஒவ்வொரு முறையும் பீட்டருக்கு வெங்காயம் வதக்கும் வாசனை அடிக்கிறது. டாக்டர் ரீவ்ஸ் (ரோஜர் லிவ்சி, என்ன ஒரு குரல்!) அதை விசாரிக்கிறார், தலைவலியை விசாரிக்கிறார், பார்வைப் புலத்தைச் சோதிக்கிறார், மூளையில் பார்வை நரம்பை ஒட்டி ஏதோ அழுத்துகிறது, உடனே அறுவைச் சிகிச்சை வேண்டும் என்கிறார். மூளையின் பொட்டுப்பகுதியில் தோன்றும் வலிப்புக்கு முன்னால் இல்லாத வாசனை வருவது மருத்துவர்கள் நன்றாக அறிந்த அடையாளம். பின்னாளில் நரம்பியல் துறையினரே இந்தப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அறிகுறிகள் எவ்வளவு துல்லியம் என்று ஆராய்ந்திருக்கிறார்கள். ஆகவே நீங்கள் விரும்பினால் மொத்தப் படத்தையும் ஒரு நோயாளியின் பிரமையாகவே பார்க்கலாம், ஒரு முடிச்சும் அவிழாது. மேலே நீதிபதியாக வருகிறவரும் கீழே கத்தி பிடிக்கும் மருத்துவரும் ஒரே நடிகர், ரங்கூனில் பிறந்த ஆப்ரகாம் சோஃபர். பாராசூட் இல்லாமல் குதித்தவன் பிழைத்தது எப்படி என்ற ஒன்று மட்டும் உறுத்தும். அதற்கும் அந்தப் போரிலேயே நிஜமான சாட்சி உண்டு. 1944 மார்ச்சில் நிக்கோலஸ் ஆல்கமேட் என்ற பிரிட்டிஷ் விமானப்படை வீரர் எரியும் லங்காஸ்டரிலிருந்து பாராசூட் இல்லாமல் சுமார் 5,500 மீட்டர் விழுந்து, பைன் மரங்களும் பனியும் தாங்கிக்கொள்ள, கால் சுளுக்கோடு எழுந்தார்.

வழக்கு விசாரணை நீளம், சிலருக்கு அங்கே அலுப்புத் தட்டும். எனக்கும் முதல் தடவை தட்டியது. பீட்டருக்கு எதிராக வாதாடுகிறவர் ஆப்ரகாம் ஃபார்லன், அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் குண்டுக்கு முதலில் பலியானவராம், இங்கிலாந்தின் மேல் 170 வருடக் கோபம். பீட்டருக்காக வாதாட வருகிறவர் டாக்டர் ரீவ்ஸ்தான். பீட்டருக்கு ஆம்புலன்ஸைத் தேடிப் போன ராத்திரி, மழையில் மோட்டார்சைக்கிள் விபத்தில் அவரே செத்துவிடுகிறார். இரண்டு பேரும் வானொலியை வைத்துச் சண்டை போடும் இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதுதான் இங்கிலாந்தின் குரல் என்று ஃபார்லன் ஒரு மந்தமான கிரிக்கெட் வர்ணனையைப் போட்டுக் காட்ட, ரீவ்ஸ் பதிலுக்கு ஓர் அமெரிக்க ஜாஸ் பாட்டைப் போடுகிறார், ஃபார்லனுக்கே முகம் சுளிக்கிறது.

அப்புறம் ஜூரி. ஃபார்லன் கொண்டுவரும் முதல் ஜூரியில் பிரெஞ்சுக்காரர், போயர் (தென்னாப்பிரிக்காவின் டச்சு வம்சத்தவர்), ரஷ்யர், சீனர், ஐரிஷ்காரர், ஓர் இந்தியர். இங்கிலாந்து யார் யாரையெல்லாம் அடித்ததோ அவர்கள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். இதை 1945இல், இந்தியா இன்னும் அவர்கள் கையில் இருந்தபோது, அவர்கள் அமைச்சகம் கேட்டு எடுத்த படத்தில், அவர்களே வைத்திருக்கிறார்கள். குற்றப்பட்டியலை முழுசாக விரிக்கவில்லை, உண்மைதான், அந்த இந்தியரைப் பேச விட்டிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இப்போதும் உண்டு. ஆனால் ஜூரியில் உட்கார வைத்தது சும்மா இல்லை. ரீவ்ஸ் இந்த ஜூரி வேண்டாம், அமெரிக்கக் குடிமக்களைக் கொண்டு வாருங்கள் என்கிறார். ஃபார்லன் சந்தோஷமாகச் சம்மதிக்கிறார். ஆட்கள் மாறுகிறார்கள். பார்த்தால் புது ஜூரியிலும் வம்சத்தால் பிரெஞ்சு, சீனர், ஐரிஷ், கறுப்பினத்தவர் என்றுதான் இருக்கிறது, ஒவ்வொருவரும் 'அமெரிக்கக் குடிமகன்' என்று அறிவிக்கிறார்கள். எங்கிருந்தோ வந்த ஒருவன் இன்னொரு மண்ணின் ஆளாக முடியும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான காட்சி எனக்குத் தெரியாது. எழுதினவர் குடியுரிமைக்குக் காத்திருந்தவர் என்பதை இங்கே ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்பு வாதத்தில் வருவதில்லை. ஜூனின் கன்னத்திலிருந்து ரோஜா இதழில் எடுத்த ஒரு சொட்டுக் கண்ணீர்தான் மேலே போகும் ஒரே தடயம். நீதிமன்றமே படிக்கட்டில் இறங்கி, நேரம் உறைந்து நிற்கும் அறுவை அரங்குக்கு வருகிறது. அவன் இடத்தில் நீ போவாயா என்று ஜூனிடம் கேட்க, அவள் யோசிக்காமல் படியில் ஏறுகிறாள். படி அவளை மேலே கொண்டுபோகிறது, பீட்டர் கீழே கையைப் பிசைந்து நிற்கிறான். சில வினாடிகள். பிறகு 106 படியும் குலுங்கி நிற்க, அவள் திரும்பி அவனிடம் ஓடிவருகிறாள்.

1946 நவம்பர் 1, லண்டன் லெஸ்டர் சதுக்கத்தின் எம்பயர் தியேட்டரில் அரச குடும்பத்துக்கான முதல் சிறப்புத் திரையிடலாக இந்தப் படத்தைப் போட்டார்கள். ஆறாம் ஜார்ஜும் ராணியும் வந்தார்கள். அதற்கு ஐந்தரை மாதம் முன்னால், மே மாதம், டேவிட் நிவனின் மனைவி பிரிமுலா ஹாலிவுட்டில் ஒரு நண்பர் வீட்டில் இருட்டில் ஒளிந்து விளையாடும்போது நிலவறைப் படிக்கட்டில் விழுந்து இறந்துபோனார். 28 வயது, இரண்டு சின்னப் பிள்ளைகள். திரையில் மனைவியாகப் போகிறவள் படியிலிருந்து இறங்கித் திரும்பி வருகிறாள்.

பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் செத்தார்கள், பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையன்கள். படம் அவர்களில் ஒரே ஒருவனைத்தான் திருப்பிக் கொடுக்கிறது, அதுவும் பனிமூட்டம் இருந்ததால். ரேடியோக்காரன் பாப் மேலே போனபின் வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே போகச் சொன்னாலும் போகாமல், என் கேப்டன் இப்போது வந்துவிடுவான் என்று காத்திருப்பான். கடைசிக் காட்சியில் கீழே ஆஸ்பத்திரிக் கட்டிலில் பீட்டர் கண் திறந்து, ஜெயித்துவிட்டோம் என்கிறான். தெரியும் கண்ணே என்கிறாள் ஜூன். பாபின் கணக்கு அன்றைக்கே சரியாக இருந்தது.